ஒரு மாத நிதியமைச்சர்

2025 மே மாத விடுமுறையில் நான் நிதியமைச்சராக இருந்தேன். பயப்பட வேண்டாம், வண்டியூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் :)

எல்லாம் எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவால் வந்த வினை. "மாதம் ஐயாயிரம் மிச்சம் பிடிக்க 25 எளிய வழிகள்" என்று யாரோ ஒரு பட்டியலை அனுப்பினார்கள். மொத்தமாக வாங்குங்கள், மசாலாப் பொடியை வீட்டிலேயே அரையுங்கள், வெளியே டீ குடிக்காதீர்கள், லைட்டை அணையுங்கள்... இப்படிப் போகும் அந்தப் பட்டியல். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் ஒரு படி மேலே போய் அதை அம்மாவுக்கு ஃபார்வர்டு செய்து, "இதெல்லாம் நம்ம வீட்டுல செய்யலாமே" என்று அறிவுரை வேறு சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. அலமாரியில் இருந்து கணக்கு நோட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "ஒரு மாசம் நீயே பாத்துக்க தம்பி, எனக்கும் ரெஸ்ட்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் ஐந்து பேர். அப்பா ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறார். காலண்டர், டைரி சீசனில் ஓவர்டைம் எல்லாம் உண்டு. தை முடிந்தால் வேலை குறையும், சம்பளமும் தள்ளித் தள்ளி வரும். அப்பத்தா, அம்மா, காலேஜ் சேரப் போகும் தங்கை, அப்புறம் நான்.

அரிசிக்குக் கவலை இல்லை. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. ரேஷன் அரிசி வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற நண்பர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு இட்லி சாப்பிட வரவும். புழுங்கல் அரிசி நல்லதாக வந்த மாதத்தில் அப்பத்தா ஆட்டுகிற மாவுக்கு ஈடு கிடையாது.

ஆகவே நான் காய்கறியில் கை வைத்தேன்.

அண்ணாநகர் உழவர் சந்தை சாதாரண இடம் இல்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே அதுதான். 1999 நவம்பர் 14 அன்று கருணாநிதி திறந்து வைத்தார். அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிதான் உள்ளே விற்க முடியும், கடைக்கு வாடகை இல்லை, தராசும் சந்தையே கொடுக்கும். தினமும் காலையில் விலையை முடிவு செய்து போர்டில் எழுதி விடுவார்கள். மொத்த மார்க்கெட் விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக, வெளியே சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்பது திட்டம் போட்டபோது வைத்த கணக்கு. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம், நடுவில் இருப்பவருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். எனக்குத் தெரிந்து மதுரை இந்த மாநிலத்துக்குக் கொடுத்த நல்ல யோசனைகளில் இது ஒன்று.

நான் காலை ஆறரைக்கே பைக்கில் போனேன். வாரம் சுமார் 600 ரூபாய்க் காய்கறியில் 80, 90 ரூபாய் மிச்சமானது. பெருமையாக நோட்டில் எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்து, "பெட்ரோல எழுதலயே?" என்றார். எழுதினேன். மிச்சம் இளைத்துப் போனது. அம்மா வழக்கமாக இதே சந்தைக்கு டவுன் பஸ்ஸில்தான் போய் வருவார். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே. அந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்து சொன்னது. "பஸ்ஸில ஓசியில போறாங்க" என்று கிண்டல் அடிக்கும் நம்ம பசங்களுக்கு ஒரு தகவலாகச் சொல்லி வைக்கிறேன். அந்த 888 யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று யோசித்தால் கிண்டல் நின்றுவிடும்.

அடுத்து "மொத்தமாக வாங்குங்கள்". கீழமாரட் வீதி வெங்காய மண்டிக்குப் போய்ப் பதினைந்து கிலோ பெரிய வெங்காயம் வாங்கி வந்தேன். மதுரை மே மாத வெயில், காற்றோட்டம் இல்லாத எங்கள் வீட்டு மாடிப்படி அடி. பத்து நாளில் வீடே நாறியது. ஐந்து கிலோ குப்பைக்குப் போனது. மிச்சப் பத்து கிலோவுக்கு நான் கொடுத்த விலை தெருமுனைக் கடை விலையை விட அதிகம். மொத்தமாக வாங்க முதலில் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும், அப்புறம் வைக்க இடம் வேண்டும். இரண்டும் இருக்கிறவர்களுக்கு இந்தப் பட்டியலே தேவைப்படாது.

இன்னொரு வேடிக்கை. பெரிய பாட்டில்தான் மலிவு என்று பட்டியல் சொல்லும். கடையில் நின்று வகுத்துப் பாருங்கள், பல ஷாம்புகளில் ஒரு மில்லிக்கு ஆகும் விலை பாக்கெட்டில்தான் குறைவு! இந்தப் பாக்கெட் ஷாம்புவைப் பிரபலப்படுத்தியதே நம்ம கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்தான். அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் சிக் ஷாம்புவோடு தனியாகக் கிளம்பி அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார். கூலிக்காரர் கையில் இருக்கும் சில்லறைக்கு ஏற்ற சரக்கு. ஆனால் எண்ணெய், டீத்தூள், சலவைத்தூள் எல்லாம் பெரும்பாலும் தலைகீழ், பெரிய பாக்கெட்தான் மலிவு. 2021-ல் திருத்திய விதிப்படி ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள். "பெரியது மலிவு" என்று பொதுவாக ஒரு விதி கிடையாது.

உருப்படியாக நான் கண்டுபிடித்தது கரண்ட் பில்லில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016 முதல். அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 2022 செப்டம்பர் 10-ல் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன் (2024 ஜூலையில் பைசாக் கணக்கில் இன்னும் கொஞ்சம் ஏறியது, படிக்கட்டு அதேதான்). 500 யூனிட்டுக்குள் நின்றால் இரண்டாவது நூறுக்கு யூனிட் 2.25, அடுத்த இருநூறுக்கு 4.50, கடைசி நூறுக்கு 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால்? அந்த ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய் கூடுதல் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இல்லை. 500-ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறுக்குக் கொடுத்த 2.25 சலுகை போய், அதுவும் 4.50 ஆகிவிடும். பில் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

எங்கள் வீட்டு ரீடிங் கோடையில் 540 பக்கம் வரும். இந்தக் கணக்குப்படி 2,270 ரூபாய். அதையே 490-க்குக் கொண்டு வந்தால் 1,665. ஐம்பது யூனிட்டில் 605 ரூபாய் மிச்சம். எப்படிக் குறைப்பது? லைட்டை அணைத்து அணைத்துப் போடுவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, எல்.இ.டி. பல்பு அவ்வளவு குறைவாகத்தான் இழுக்கும். ஆசாமி தலைக்கு மேலே சுற்றுகிறார். பழைய மின்விசிறி 75 வாட். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 67 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி 28 வாட்தான், அதே ஓட்டத்துக்கு 25 யூனிட். ஒரு விசிறியை மாற்றினால் 42 யூனிட் போச்சு. அப்பத்தா ரூமிலும் ஹாலிலும் மாற்றினால் 500-க்குள் நிம்மதியாக உட்காரலாம். விசிறி விலை இரண்டாயிரத்துச் சொச்சம். அந்தப் பணம் கையில் இல்லாததால்தான் இத்தனை நாள் மாற்றவில்லை என்று அப்பா சொன்னார். வெங்காயக் கதை மாதிரியேதான். மிச்சம் பிடிப்பதற்கும் முதல் வேண்டும்.

மசாலாவுக்கு வருகிறேன். வத்தலும் மல்லியும் கீழமாசி வீதியில் வாங்கி, மொட்டை மாடியில் காய வைத்து, வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்தால் 150 ரூபாய் மிச்சம். அரைத்தோம். நான் எழுதியிருக்கும் இந்த "தோம்" ஒரு பொய். காய வைத்தது, புடைத்தது, மே மாத அடுப்படியில் இருமிக்கொண்டே வறுத்தது எல்லாம் அம்மா. நான் மில்லுக்குத் தூக்கிப் போனேன், அவ்வளவுதான். ஐந்து மணி நேர வேலை, 150 ரூபாய். அந்த வருடம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கே ஒரு நாள் கூலி 336 ரூபாய். 2019-ல் மத்திய அரசு நாடு முழுக்க நேரக் கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவழிப்பது சராசரியாக 299 நிமிடம், செய்கிற ஆண்கள் 97 நிமிடம். பட்டியலில் இருந்த 25 வழிகளில் பதினொன்று "வீட்டிலேயே செய்யுங்கள்" வகை. யார் செய்வது என்று ஒன்றில் கூட இல்லை.

அப்பாவின் டீயையும் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு டீ, ஒரு வடை. நாலாவது நாள் அம்மாவே, "அந்த டீயையும் நிப்பாட்டுனா மனுசன் யாருகிட்டப் போய்ப் பேசுவாரு? விட்டுர்றா" என்றார். விட்டுவிட்டேன்.

இப்போது அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா சுருக்கமாக எழுதுவார். பா என்றால் பால், கா என்றால் காய். தினமும் ஒரு வரி இருந்தது: "த 100". நான் தயிர் என்று நினைத்தேன்! தினமும் நூறு ரூபாய்க்குத் தயிரா, இதை நிறுத்தினாலே மாதம் மூவாயிரம் மிச்சமாயிற்றே என்று குதித்துக்கொண்டு போய்க் கேட்டேன். அம்மா அப்பத்தாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "தயிர் இல்லப்பா. தண்டல்."

சாயங்காலம் ஆறு மணிக்கு பைக்கில் வந்து வாசலில் நின்று போகிறவரை, சீட்டுக்காரர் என்றே இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

அப்பா சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப் போனபோது வாங்கியது. பத்தாயிரம் என்று பேர், கையில் கொடுத்தது ஒன்பதாயிரம். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூத்துக்குப் பத்துதானே" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் படித்த பிள்ளை என்பதால் கணக்குப் போட்டேன். ஒன்பதாயிரமும் நூறு நாள் நம் கையில் இருப்பதில்லை. முதல் நாளில் இருந்தே திருப்பிக் கொடுக்கிறோம். சராசரியாக நம்மிடம் நிற்பது நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. வருடத்துக்கு ஏறக்குறைய 80 சதவீதம். அது முடிவதற்குள் இன்னொன்று, அதைக் கட்ட இன்னொன்று என்று மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது. கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு சேர்த்துத் தண்டலையும் பேர் சொல்லியே தடுக்கும் சட்டம் 2003-ல் தமிழ்நாட்டில் வந்தது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு பைக் சத்தம் கேட்கிறதே!

இதற்கு மேல் ஒன்று. நோட்டில் எல்லாம் இருந்தது, அம்மாவின் சுகர் மாத்திரை மட்டும் இல்லை. பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஜனவரி வரை "மா 640" என்று மாதம் ஒரு தடவை இருந்தது. பிப்ரவரியில் 320. மார்ச்சில் ஒன்றும் இல்லை. தண்டல் தொடங்கியதும் பிப்ரவரி.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டேன், ஒண்ணும் பண்ணல, சரி கொஞ்ச நாள் பாப்போம்னு விட்டேன்" என்றார். ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். வெறும் வயிற்றில் 240.

நான் வெங்காயத்தில் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்த மாதம் முழுக்க வீட்டின் உண்மையான சேமிப்பு இதுதான். நோட்டில் வரவும் செலவும் சரியாக இருந்தன. பட்டியல்காரர்கள் பார்த்தால் அம்மாவுக்குக் கைதட்டியிருப்பார்கள். இப்படி மிச்சமாகும் பணத்துக்குச் சிக்கனம் என்று பேர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. இதுவும் கடன்தான். தண்டல்காரர் வாசலுக்கு வந்து கேட்கிறார், இந்தக் கடன்காரர் கண்ணிலும் கிட்னியிலும் வந்து கேட்பார். பெரிய தொகையாகக் கேட்பார். அதனால் வீட்டுச் செலவைக் குறைக்கிறேன் என்று யார் சொன்னாலும் நான் இப்போது முதலில் கேட்பது, எவ்வளவு குறைந்தது என்று இல்லை, யார் பங்கில் குறைந்தது என்று.

மாத்திரைப் பிரச்சினை தீர்ந்தது எவ்வளவு சுலபமாக என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள். காசு கொடுத்து வாங்குவதானாலும் மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. கம்பெனிப் பேர் இல்லாத அதே மருந்து பல சமயம் பாதி விலைக்கும் கீழே. (நீங்களாக மாற்றாதீர்கள், டாக்டரிடம் சீட்டைக் காட்டிக் கேட்டு மாற்றுங்கள்.) 25 வழிகளில் இது ஒன்றாகக்கூட இல்லை. காபியைக் குறைக்கச் சொல்வதற்கு மட்டும் மூன்று வழிகள்!

தண்டலை முடித்தது அம்மாவின் மகளிர் குழு. குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. "அங்கயே வாங்கியிருக்கலாமே" என்று கேட்டேன். "பத்துப் பேரு முன்னால கேக்கணுமே, அப்பாவுக்குச் சம்பளம் வரலன்னு சொல்லணுமே" என்றார். எங்கள் ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்று எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா. வயல் கூலி வேலை பார்த்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் இயக்கத்தில் பெண்களைச் சேர்த்துச் சிறு சேமிப்பும் கடனுமாகக் குழுக்களை வளர்த்தவர். 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து இவர் காலைத் தொட்டார். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. பொது அறிவுக் கேள்வியாக இதை மனப்பாடம் செய்திருக்கிறேன், ஒரு மார்க். பக்கத்து வீட்டுக்காரியிடம் வாய்விட்டுக் கேட்பதை ஒரு பெண்ணுக்குக் கூச்சமில்லாத காரியமாக்குவது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த ஒரு மார்க்கில் இல்லை.

குழுவில் பன்னிரண்டாயிரம் எடுத்தோம். தண்டல் பாக்கி போக மிச்சத்தில் ஒரு விசிறி வாங்கி அப்பத்தா ரூமில் மாட்டினோம். மாதத் தவணையில் என் பங்கு, நான் குறைத்துக்கொண்ட ரீசார்ஜும் பைக் பெட்ரோலும். சந்தைக்கு அம்மாவோடு நானும் பஸ்ஸில்தான் போகிறேன். எனக்கு மட்டும் டிக்கெட்.

ஜூன் ஒன்றாம் தேதி பதவியை ராஜினாமா செய்தேன் :) நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது புதுப் பக்கத்தில் முதல் வரியாக, பாலுக்கும் மேலே, "அம்மா மாத்திரை" என்று சுருக்காமல் எழுதினேன். "அதான் சும்மா குடுக்குறாங்களே, அத எதுக்குடா எழுதுற?" என்றார். இருக்கட்டும் என்றேன். எதிரே தொகை எழுதும் இடத்தில் அம்மா பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார்.